கணக்கறிவைக் கொடையாக்கியவர் – பேராசிரியர் மஹலனோபிஸ்

முன்னுரை

எண்ணும் எழுத்தும் மக்களுக்குக் கண்கள் எனக் கொண்டது தமிழ் மரபு. எழுத்தால் புகழ் பெற்ற சான்றோரின் வாழ்வை நாம் பலகாலும் போற்றி வந்துள்ளோம். எண்ணால் நாட்டுக்குத் தொண்டாற்றியோரின் வாழ்வு தமிழ் மாணவரின் பார்வைக்கு அரிதாகவே வருகிறது. அக்குறையைச் சிறிதேனும் நீக்கும் நோக்குடன், இந்தியப் புள்ளியியலின் தந்தை எனப் போற்றப்பெறும் பேராசிரியர் பிரசாந்த சந்திர மஹலனோபிஸ் அவர்களின் வாழ்வை இங்கே எடுத்துரைக்க முற்படுகிறோம்.

கணக்கின் அருமையைப் பள்ளத்தூர் மக்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. பர்மா, இலங்கை, மலேயா முதலிய நாடுகளில் கடை வைத்து நடத்திய நகரத்தார்க்குப் பேரேடும் ஐந்தொகையும் மூச்சுப் போன்றவை. பெட்டியடிப் பையனாகக் கப்பலேறியவர் அடுத்தாளாகி, மேலாளாகி ஊர் திரும்பும்போது, கணக்கில் ஓரணா பிசகினாலும் விடை சொல்லியாக வேண்டும். 1900 ஆம் ஆண்டில் மோல்மேனில் தொழில் தொடங்கிய திவான் பகதூர் ஏ.எம். முருகப்ப செட்டியார் இவ்வூரைச் சேர்ந்தவரே. நகரத்தாரைப் போன்றே மரக்காயரும் ராவுத்தரும் ரங்கூனிலும் பினாங்கிலும் வாணிகம் செய்து கணக்கெழுதி வாழ்ந்தனர்.

ஒரு கடைக்கு ஐந்தொகை உண்டு. ஒரு குடும்பத்துக்கும் வரவு செலவு உண்டு. ஆனால், ஓர் ஏழை நாடு மற்றோர் ஏழை நாட்டுக்குச் செய்யும் உதவிக்கு ஐந்தொகை உண்டா? அதனை எழுதுவார் யார்? எந்த அளவுகோலால் அளப்பது? இவ்வினாக்கள் இன்று உலக மன்றங்களில் பேசப்படுகின்றன. இவற்றுக்கு விடை தேடுவோர் மஹலனோபிஸின் வாழ்வைக் கடந்து செல்ல இயலாது என்பதே நம் கருத்து.

பிறப்பும் கல்வியும்

மஹலனோபிஸ் 1893 ஆம் ஆண்டு ஜூன் 29 ஆம் நாள் கல்கத்தாவில் பிரம்ம சமாஜக் குடும்பமொன்றில் பிறந்தார். சமுதாயச் சீர்திருத்தமும் கல்வி வேட்கையும் நிறைந்த சூழல் அவருக்கு இளமையிலேயே வாய்த்தது. மாநிலக் கல்லூரியில் பயின்று 1912 இல் இயற்பியலில் சிறப்புப் பட்டம் பெற்றார். ஜகதீச சந்திர போஸ், பிரபுல்ல சந்திர ராய் ஆகிய பேரறிஞர்கள் அக்கல்லூரியில் ஆசிரியராக விளங்கிய காலம் அது. 1913 இல் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தார்.

1914 இல் கேம்பிரிட்ஜ் வந்து சேர்ந்த கணிதமேதை இராமானுஜன் அவருக்கு நண்பரானார். குளிர் தாங்காமல் மேலங்கியோடும் சால்வையோடும் படுத்த அந்தக் கும்பகோணத்துக் கணித மேதைக்கு, கட்டிலின் விரிப்புக்கு அடியிலேயே கம்பளிகள் செருகி வைக்கப்பட்டிருப்பதைக் காட்டி, அவற்றினுள் நுழைந்து உறங்கும் முறையைக் கற்பித்தவர் மஹலனோபிஸே. ஒருநாள் இதழொன்றில் வந்த வீட்டு எண் புதிரை அவர் படித்துக் காட்ட, சமைத்துக்கொண்டிருந்த இராமானுஜன் அந்தப் புதிருக்கு மட்டுமின்றி, அதுபோன்ற புதிர்கள் அனைத்துக்கும் பொருந்தும் பொது விடையை அக்கணமே சொன்னார் என்பது கணித உலகம் நன்கறிந்த நிகழ்ச்சியாகும்.

1915 இல் தாயகம் திரும்ப இருந்தபோது உலகப்போர் காரணமாகக் கப்பல் தாமதமாயிற்று. அந்த இடைவெளியில் கல்லூரி ஆசிரியர் ஒருவர் பயோமெட்ரிகா என்னும் புள்ளியியல் இதழை அவருக்குக் காட்டினார். அதன் தொகுதிகள் அனைத்தையும் விலைக்கு வாங்கிக் கப்பலிலேயே படிக்கலானார். இயற்பியல் கற்கச் சென்றவர் புள்ளியியலில் நாட்டம் கொண்டவராய்க் கல்கத்தாவில் இறங்கினார். மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியராகப் பணியேற்று, ஓய்வு நேரங்களில் புள்ளியியலை வளர்த்தார்.

வெள்ளமும் விளைச்சலும்

நூலறிவோடு நின்றுவிடாமல் மக்களின் துன்பத்துக்கு மருந்தாகப் புள்ளியியலைப் பயன்படுத்தியது மஹலனோபிஸின் சிறப்பாகும். 1922 இல் வடவங்கத்தில் பெருவெள்ளம் ஏற்பட்டது. வெள்ளநீரைத் தேக்கும் நீர்நிலைகளைப் பெருஞ்செலவில் கட்ட வேண்டும் என்றனர் பொறியியலார். அவரோ பல ஆண்டுகளின் மழை, வெள்ளக் கணக்குகளை ஆராய்ந்து, அத்தேக்கங்களால் பயன் விளையாது என்று காட்டினார். 1926 இல் ஒரிசாவில் வெள்ளம் வந்தபோது, ஆற்றுப்படுகை உயர்ந்ததே காரணம் என்று கூறப்பட்டது. படுகை உயரவில்லை என்பதையும் பழைய கணக்குகளைக் கொண்டே அவர் மெய்ப்பித்தார். தவறான காரணத்தைக் கொண்டு கரை உயர்த்தினால் பணமும் வீண், மக்களின் உயிருக்கும் காப்பில்லை என்பதை இந்நிகழ்ச்சிகள் உணர்த்தின.

1931 டிசம்பர் 17 இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் தோன்றியது. கல்லூரியின் ஓர் அறையில் தொடங்கிய அதன் தொடக்க ஆண்டுச் செலவு சில நூறு ரூபாயே ஆகும். 1933 முதல் சாங்கியா என்னும் ஆய்விதழ் வெளிவரலாயிற்று. இரு மக்கள் குழுக்களுக்கு இடையேயுள்ள வேறுபாட்டைப் பல அளவைகளை ஒருங்கே கொண்டு மதிப்பிடும் அவரது முறை 1936 இல் நிறைவடைந்தது. மஹலனோபிஸ் தொலைவு என்று இன்றும் உலகெங்கும் அது வழங்கப்படுகிறது.

வங்கத்தின் சணல் விளைச்சலை அளந்த பணியே அவருக்குப் பெரும்புகழ் தந்தது. நம் பகுதியில் ஊர்தோறும் கணக்குப்பிள்ளை இருந்தார். நிலையான நிலவரித் திட்டம் நடைமுறையிலிருந்த வங்கத்தில் அத்தகைய ஊர்க்கணக்கர் இல்லை. காவற்காரர் கண்ணால் பார்த்துச் சொன்னதே கணக்காயிற்று. அக்கணக்கை நம்பி ஏற்றுமதியும் விலையும் முடிவு செய்யப்பட்டன. 1937 முதல் மஹலனோபிஸ் புதுமுறை ஒன்றைச் செயற்படுத்தினார். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் பழமொழியை நாம் அறிவோம். ஆனால் எந்தச் சோற்றை எடுப்பது என்பதில்தான் நுட்பம் உள்ளது. மேலே கிடக்கும் சோற்றை மட்டும் எடுத்தால் அடிச்சோறு வெந்ததா என்று தெரியாது. எடுப்பவரின் விருப்பு வெறுப்புக்கு இடமின்றித் தற்செயலாகத் தெரிவு செய்த நிலங்களை மட்டும் அளந்து, முழு வங்கத்தின் விளைச்சலையும் மதிப்பிட்டார். நிலம் நிலமாக எண்ணும் முழுக் கணக்கெடுப்பைவிட இதற்கான செலவு மிகக் குறைவு. பின்னர் வணிகர்களின் கணக்கோடு ஒப்பிட்டபோது இதுவே உண்மைக்கு நெருங்கியதாகவும் அமைந்தது.

இம்முறையில் அவர் சேர்த்த மற்றொரு நுட்பம் நம் கட்டுரைக்கு உயிர்நாடி போன்றது. ஒரே பகுதிக்கு இரு குழுக்களைத் தனித்தனியே அனுப்புவார். இரு குழுக்களும் வெவ்வேறு மாதிரி நிலங்களை அளந்து வரும். ஒன்றின் கணக்கை மற்றொன்று அறியாது. இரண்டும் ஒத்து வந்தால் நம்பலாம். மாறுபட்டால் எங்கோ பிழை நேர்ந்துள்ளது என்று தெரிந்துகொள்ளலாம். எழுதுவோர் எத்துணை நல்லவராயினும் ஒருவர் எழுதிய கணக்கு மட்டும் போதாது என்பது இதன் உட்கருத்து.

பஞ்சமும் பர்மா அரிசியும்

1942 இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றினர். வங்கத்துக்கும் சென்னை மாகாணத்துக்கும் வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. அவ்வரிசி விளைந்த ஐராவதி வடிநிலத்தில் உழவர்க்குக் கடன் தந்தவை செட்டிநாட்டுக் கடைகள். அங்கே முதலை இழந்து, காடும் மலையும் கடந்து நடந்தே வீடு திரும்பியோரின் நினைவு செட்டிநாட்டு ஊர்களில் நெடுங்காலம் நிலைத்திருந்தது. அதே பர்மா அரிசி நின்றதும், போர்க்காலக் கொள்கைகளும், விலையேற்றமும், அரசின் அலட்சியமும் சேர்ந்து 1943 இல் வங்கத்தைப் பெரும்பஞ்சத்தில் தள்ளின. அரசு அமைத்த விசாரணைக் குழு இறந்தோர் தொகையைப் பதினைந்து இலட்சம் என்றது. பிற்கால ஆய்வாளர் பலர் முப்பது இலட்சத்தை ஒட்டியதாகக் கணித்தனர். இறந்தோர் எத்தனை பேர் என்பதைக் கூட உறுதியாகச் சொல்ல இயலாத நிலையில் ஒரு நாடு இருந்தது. கணக்கில்லாத இடத்தில் மாண்டவர் இருமுறை மாண்டவராகிறார்.

1944-45 இல் மஹலனோபிஸின் நிறுவனம் பஞ்சத்தின் பின்விளைவுகளை ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெரிவு செய்யப்பட்டு, அவர்கள் இழந்த நிலம், மாடு, தொழில் ஆகியன குறிக்கப்பட்டன. நிலமற்ற கூலியாட்களும் மீனவரும் கைவினைஞரும் மிகுதியாக அழிந்தனர் என்பதும், பஞ்சம் வருமுன்னரே ஏழைகள் நலிந்து வந்தனர் என்பதும் அந்த ஆய்வால் வெளிப்பட்டன. அரிசி எவ்வளவு விளைந்தது என்று அறிந்தால் மட்டும் போதாது, அது யார் வயிற்றுக்குச் சென்றது என்றும் அறிய வேண்டும் என்னும் பாடம் இதனால் கிடைத்தது.

நாட்டுக்கு ஒரு கணக்கு

விடுதலை பெற்ற இந்தியாவில் பிரதமர் நேரு 1949 இல் மஹலனோபிஸை அமைச்சரவையின் மதிப்புறு புள்ளியியல் ஆலோசகராக அமர்த்தினார். அதே ஆண்டில் அமைந்த தேசிய வருமானக் குழுவுக்கு அவரே தலைவர். டி.ஆர். காட்கில் அவர்களும், காஞ்சிபுரத்தில் பிறந்த பொருளியல் அறிஞர் வி.கே.ஆர்.வி. ராவ் அவர்களும் அதன் உறுப்பினர்கள். 1950 அக்டோபரில் தேசிய மாதிரி ஆய்வின் முதற்சுற்று தொடங்கியது. ஏறக்குறைய ஐந்தரை இலட்சம் ஊர்களிலிருந்து 1,833 ஊர்கள் தெரிவு செய்யப்பட்டன. ஒரு குடும்பம் என்ன உண்டது, எதை வாங்கியது, எதைக்கொண்டு வாழ்ந்தது என்று கேட்டு எழுத ஆய்வாளர்கள் சிற்றூர்களுக்கு நடந்து சென்றனர். அந்நாளில் வேறெந்த ஏழை நாடும் இத்துணைப் பெரிய பரப்பில் இதனைச் செய்ததில்லை. பிற்காலத்தில் பல நாடுகள் மேற்கொண்ட குடும்ப நுகர்வு ஆய்வுகளுக்கு இந்த முயற்சி முன்னோடி என்பதை அங்கஸ் டீட்டன் போன்ற பொருளியலறிஞர் ஏற்றுள்ளனர்.

நாடுகளுக்குக் கற்பித்தவர்

இனி, நம் கட்டுரையின் மையத்துக்கு வருவோம். ஐக்கிய நாடுகள் சபை 1947 இல் மாதிரி ஆய்வுமுறைகளுக்கென ஒரு துணைக்குழுவை அமைத்தபோது மஹலனோபிஸ் அதன் தலைவரானார். மாதிரி ஆய்வு அறிக்கையை எவ்வாறு எழுத வேண்டும் என்பதற்குப் பொதுநெறிகளை அக்குழு வகுத்தது. விடுதலை பெற்றுக்கொண்டிருந்த ஓர் ஏழை நாட்டின் அறிஞர் உலகுக்கே கணக்கு நெறி வகுத்தார் என்பது நாம் பெருமைப்படத் தக்கது.

1950 இல் பன்னாட்டுப் புள்ளியியல் கல்வி மையம் கல்கத்தாவில் நிறுவப்பட்டது. பன்னாட்டுப் புள்ளியியல் கழகமும், யுனெஸ்கோவும், இந்திய அரசும் இதற்குத் துணை நின்றன. மத்தியக் கிழக்கு, தென்னாசியா, தென்கிழக்காசியா, தூரக்கிழக்கு, ஆப்பிரிக்கக் காமன்வெல்த் நாடுகள் ஆகியவற்றின் அரசு அலுவலர்கள் அங்கே வந்து பயின்றனர். அவர்கள் இலண்டனுக்கோ வாஷிங்டனுக்கோ சென்றிருந்தால் தொலைபேசியும் அஞ்சலும் ஒழுங்காக இயங்கும் நாட்டில் கணக்கெடுக்கும் முறையைக் கற்றிருப்பர். கல்கத்தாவிலோ, எழுதப்படிக்கத் தெரியாத உழவரிடம் வயலளவைக் கேட்டறிவது எப்படி, சாலையில்லாத ஊருக்கு மழைக்காலத்தில் ஆய்வாளரை அனுப்புவது எப்படி, பல மொழிகள் வழங்கும் நாட்டில் ஒரே வினாவை ஒரே பொருளில் கேட்பது எப்படி என்பனவற்றைக் கற்றனர். தாமே அத்துன்பங்களை உழந்தவர் கற்பித்தமையால் அக்கல்வி அவர்களுக்குப் பொருந்தியது.

1955 இல் பாண்டுங் நகரில் ஆசிய ஆப்பிரிக்க நாடுகள் கூடி, தம்முள் ஒருவர்க்கொருவர் உதவுவோம் என்று உறுதி பூண்டன. அடுத்த ஆண்டு டிசம்பரில் சீனப் பிரதமர் சூ என்லாய் கல்கத்தா வந்து புள்ளியியல் நிறுவனத்தைப் பார்வையிட்டார். 1957 இல் மஹலனோபிஸ் சீனா சென்றார். சீனப் புள்ளியியலார் இந்திய மாதிரி ஆய்வு முறையை அறிந்துகொள்ள ஆர்வம் காட்டினர். 1958 இல் வியட்நாம் தலைவர் ஹோ சி மின் அவர்களும் இந்நிறுவனத்துக்கு வருகை தந்தார்.

ஆனால் அதே 1958 இல் சீனாவில் பெரும் பாய்ச்சல் என்னும் இயக்கம் தொடங்கியது. மேலிடத்தை மகிழ்விக்க ஊர்தோறும் விளைச்சலை மிகைப்படுத்தி எழுதினர். அப்பொய்க் கணக்கை நம்பித் தானியம் கொள்முதல் செய்யப்பட்டது. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் மாண்டோர் ஒன்றரைக் கோடிக்குக் குறையார் என்பது ஆய்வாளர் பலரின் முடிபு. கற்க விரும்பிய கலை முழுமையாக வேரூன்றுமுன் கைவிடப்பட்டதன் விலையை அங்கே காண்கிறோம். கணக்குக் கலையின் அருமை அது இல்லாத இடத்தில்தான் முழுமையாக விளங்குகிறது.

நிறையும் குறையும்

பெரியோர் வாழ்வைப் போற்றும்போது குறையை மறைப்பது ஆய்வு நெறியாகாது. 1956 இல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு மஹலனோபிஸ் வகுத்த மாதிரியே அடிப்படை. இரும்பு, எந்திரம் முதலிய கனரகத் தொழில்களுக்கு அதில் முதலிடம் தரப்பட்டது. நாட்டின் தொழில் வளத்துக்கு அது அடித்தளம் இட்டது என்பர் ஒரு சாரார். வேளாண்மையும் நுகர்பொருள் தொழிலும் பின்தங்க அதுவே காரணம் என்பர் மற்றொரு சாரார். பொருளியலறிஞர் பி.ஆர். ஷெனாய் 1955 இலேயே தம் மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்தார். உடன் பணியாற்றியோரோடு மஹலனோபிஸுக்குப் பிணக்குகளும் உண்டாயின. திட்டம் வகுத்த மஹலனோபிஸைப் பற்றிக் கருத்து வேறுபடுவோரும், கணக்கெடுக்கக் கற்பித்த மஹலனோபிஸின் அருமையை மறுப்பதில்லை. அவருடைய திட்டத்தின் குறைகளைச் சுட்டியோரும் அவர் தோற்றுவித்த ஆய்வின் எண்களைக் கொண்டே சுட்டினர் என்பது எண்ணத்தக்கது.

1945 இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினர் பெருமையும், 1968 இல் பத்ம விபூஷண் விருதும் அவரை வந்தடைந்தன. 1959 இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முதன்மை வாய்ந்த நிறுவனமாயிற்று. 1972 ஜூன் 28 அன்று, எழுபத்தொன்பதாம் பிறந்தநாளுக்கு ஒருநாள் முன்னதாக, அவர் மறைந்தார். 2007 முதல் அவர் பிறந்தநாள் தேசியப் புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

அளக்கப்படாத கொடை

மஹலனோபிஸ் பிற நாடுகளுக்கு அளித்த உதவியின் மதிப்பு என்ன? இங்கேதான் முன்னர் எழுப்பிய வினா மீண்டும் எழுகிறது. செல்வ நாடுகள் தாம் தரும் உதவியை அளக்க 1960 களிலேயே தமக்கெனக் குழு அமைத்து இலக்கணமும் வகுத்துக்கொண்டன. அவ்விலக்கணம் பணத்தை அளவுகோலாகக் கொண்டது. வளரும் நாடுகள் தமக்குள் செய்துகொள்ளும் உதவியோ பெரும்பாலும் பயிற்சியாகவும், அறிவாகவும், ஆளாகவும் செல்வது. கல்கத்தாவில் ஓர் ஆப்பிரிக்க அலுவலர்க்குப் பயிற்சி அளிக்க ஆகும் ரூபாயை டாலராக மாற்றினால் அது மிகச் சிறு தொகையாகவே தோன்றும். இந்திய ஆசிரியரின் ஊதியம் குறைவு என்பதனால் அவர் தந்த அறிவும் குறைவாகிவிடுமா? அவ்வலுவலர் நாடு திரும்பி முப்பது ஆண்டுகள் கணக்கெடுப்பு நடத்தினால், அப்பயனை எந்தப் பத்தியில் எழுதுவது?

1964 இல் இந்தியா பிற வளரும் நாடுகளுக்கெனத் தொழில்நுட்ப ஒத்துழைப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 1978 இல் புவனோஸ் அயர்ஸ் நகரில் கூடிய ஐக்கிய நாடுகள் மாநாடு வளரும் நாடுகளிடையேயான ஒத்துழைப்புக்குச் செயல்திட்டம் வகுத்தது. எனினும் அவ்வொத்துழைப்பை அளக்கும் நெறி நெடுங்காலம் உருவாகவில்லை. 2022 மார்ச் மாதத்தில்தான் ஐக்கிய நாடுகளின் புள்ளியியல் ஆணையம், வளரும் நாடுகளே கூடி வகுத்த ஒரு சட்டகத்தை ஏற்றது. பணமாகத் தருவது, பணமல்லாதன ஆயினும் பண மதிப்புக் காணக்கூடியவை, பணத்தால் மதிப்பிடாமல் வேறு வகையில் எண்ணத்தக்கவை என மூவகையாக உதவியை அது பகுக்கிறது. விரும்பும் நாடுகள் தம் கணக்கை இதன்படி எழுதலாம். கல்கத்தாவில் பயிற்சி மையம் தோன்றி எழுபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, அத்தகைய கொடையை எழுத ஓர் ஏடு கிடைத்துள்ளது எனலாம்.

ஏடு கிடைத்தால் மட்டும் போதுமா? இதற்குச் செட்டிநாட்டு வரலாறே ஓர் எச்சரிக்கை. பர்மாவில் நெல் விளையும் முதன்மையான பதின்மூன்று மாவட்டங்களில் செட்டிநாட்டுக் கடைகளுக்கு உரிமையான நிலம் 1930 இல் நூற்றுக்கு ஆறு. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை வீழ்ந்து கடன் திரும்பாமற்போகவே, அது 1930 களின் இறுதிக்குள் நூற்றுக்கு இருபத்தைந்தாயிற்று. கடைகளின் பேரேட்டில் அது வசூலாகாத கடன். நிலம் தேவையில்லை, பணமே தேவை என்ற நிலையில் வேறு வழியின்றி ஏற்ற சுமை. பர்மிய உழவரின் மனக்கணக்கிலோ அது பறிபோன பூமி. இரு கணக்கும் உண்மையே. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பார் இல்லை. அதனால் வளர்ந்த கசப்பில் இரு தரப்பாரும் இழந்தனர்.

வளரும் நாடுகளின் உதவிக் கணக்கும் கொடுப்பவர் மட்டுமே எழுதும் கணக்காக இருப்பின் இதே குறை நேரும். கொடுத்தவர் நூறு பேருக்குப் பயிற்சி தந்தோம் என்று எழுதுவார். பெற்றவர் அந்நூற்றுவருள் எத்தனை பேர் இன்றும் அப்பணியில் உள்ளனர் என்று எழுத வேண்டும். சணல் வயலுக்கு இரு குழுக்களைத் தனித்தனியே அனுப்பிய மஹலனோபிஸின் நெறி இங்கே வழிகாட்டுகிறது. கடனை எழுதி வைக்குமாறும், சாட்சிகள் இருவரை அமைத்துக்கொள்ளுமாறும் பணிக்கும் திருமறை, அவ்வாசகத்தைக் கடன் பெற்றவரே சொல்ல வேண்டும் என்றும் விதித்திருப்பதன் நுட்பத்தை நாம் எண்ணிப் பார்க்கலாம். வலியவரின் எழுதுகோல் எளியவரின் சொல்லைக் கேட்டு எழுத வேண்டும் என்பதே அதில் நாம் உணரும் நீதி.

முடிவுரை

பொருளைக் கொடையாகத் தந்தோரை வரலாறு எளிதில் நினைவுகூர்கிறது. கணக்கறிவைக் கொடையாகத் தந்தோரை அது எளிதில் மறக்கிறது. மஹலனோபிஸ் தம் நாட்டின் பசியை அளந்தார். அளக்கும் கலையை அண்டை நாடுகளுக்கும் கற்பித்தார். ஒருவர் கணக்கை மற்றொருவர் கணக்கால் சரிபார்க்கும் நெறியையும் விட்டுச் சென்றார். ஆசிய ஆப்பிரிக்க நாடுகள் தமக்குள் கொண்டும் கொடுத்தும் வாழ முற்படும் இக்காலத்தில் அந்நெறியே அவற்றின் நட்புக்குக் காப்பாகும். நம் மாணவர் எழுத்தைப் போற்றுவது போலவே எண்ணையும் போற்றி, காணும் எண் எதுவாயினும் அதனை எழுதியவர் யார், எழுதப்பட்டவரின் சொல் அதில் உள்ளதா என்று கேட்கப் பழகுவாராயின், அப்பேராசிரியரின் உழைப்புக்கு அதுவே தக்க நன்றியாகும்.